கடற்கரை மீன் வறுவலும் கன்னச் சிவப்பும்

மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்விட்டு மீன் வறுவல் சாப்பிடாமல் திரும்புவது, திருப்பதிக்குப் போய் லட்டு வாங்காமல் வருகிற மாதிரி. கோவளம் தாண்டி, முதலைப் பண்ணை இருக்கும் வடநெம்மேலி, கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் நிலையம் இருக்கும் நெம்மேலி, சூளேரிக்காடு, பட்டிபுலம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையோடு வந்தாலே போதும், எண்ணெய்ச் சட்டியில் மசாலா பொரிகிற வாசனை வண்டிக்குள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகள் விடுவார்களா? வீட்டுக்காரர்தான் விடுவாரா?

ஆனால் சில பேருக்கு (என்னையும் சேர்த்துத்தான்) அந்த வறுவல் சாப்பிட்ட அரை மணியில் முகமும் கழுத்தும் குங்குமம் பூசினது போலச் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒரு நாள் இப்படி ஆகும், இன்னொரு நாள் அதே மீன் ஒன்றும் செய்யாது. “உனக்கு மீன் அலர்ஜி, இனி தொடாதே” என்று ஒருத்தர் சொல்வார். “பித்தம்” என்பார் இன்னொருத்தர். என் மாமியார் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு காணும் பொங்கலன்று குடும்பத்தோடு மாமல்லபுரம் போயிருந்தோம். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். ஒரு கடையில் கானாங்கத்தை வறுவல் வாங்கி நானும் என் ஓரகத்தியும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். எனக்கு மேலே சொன்ன அத்தனையும் வந்தது. அவளுக்கு உதட்டைச் சுற்றி எரிச்சல், கையில் கொஞ்சம் அரிப்பு, அவ்வளவுதான். சங்கரா சாப்பிட்ட என் வீட்டுக்காரருக்கும் பஜ்ஜியோடு நிறுத்திக்கொண்ட பிள்ளைகளுக்கும் ஒன்றுமில்லை. மூன்று மணி நேரத்தில் எனக்கும் தானாகவே அடங்கிவிட்டது. இரண்டு வாரம் கழித்து நெம்மேலிக் கரையில் விடிகாலையில் வந்த கானாங்கத்தையை வாங்கி வந்து வீட்டில் குழம்பு வைத்தேன். எதுவுமே ஆகவில்லை!

செங்கல்பட்டில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது, “என்ன மீன்?” என்று கேட்டுவிட்டு அடுத்ததாக அவர் கேட்ட கேள்வி எனக்கு விசித்திரமாக இருந்தது. “அது எப்ப பிடிச்ச மீன்?”

சங்கதி இதுதான். மீன் சதையில் ஹிஸ்டிடின் என்று ஒரு சத்து உண்டு. கருஞ்சதை உள்ள மீன்களில் அது அதிகம். மீன் செத்த பிறகு, செவுளிலும் குடலிலும் இருக்கிற கிருமிகள் அதை ஹிஸ்டமின் என்ற பொருளாக மாற்றுகின்றன. ஐஸில் வைத்தால் இந்த வேலை ஏறக்குறைய நின்றுபோகும். நம் ஊர் வெயிலில் வெளியே கிடந்தால் சில மணி நேரத்தில் மளமளவென்று நடக்கும். நமக்கு ஒவ்வாமை வரும்போது உடம்பே சுரக்கிற பொருளும் இதே ஹிஸ்டமின்தான். அதனால்தான் தடிப்பு, அரிப்பு, சிவப்பு எல்லாம் அலர்ஜி போலவே இருக்கிறது. உடம்பு சுரந்ததற்குப் பதிலாகத் தட்டிலேயே வந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

“நல்லா வறுத்துட்டா போயிடாதா டாக்டர்?” என்று கேட்டேன். போகாது. வறுத்தால் கிருமி சாகும், ஆனால் அது ஏற்கெனவே செய்துவைத்த ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். திரிந்த பாலை மறுபடி காய்ச்சினால் பாலாகிவிடுமா? உப்புப் போட்டாலும், உறைய வைத்தாலும், டப்பாவில் அடைத்தாலும் இதே கதைதான். இன்னொரு கஷ்டம், இந்த மீன் நாறவும் நாறாது. பார்க்கப் பளபளவென்றே இருக்கலாம். சில சமயம் நாக்கில் மிளகு பட்டது போல ஒரு சுருக்கென்ற காரம் தெரியும் என்கிறார்கள். நம் வறுவல் மசாலாவின் காரத்தில் அதை யார் கண்டுபிடிப்பது?

நல்ல வேளையாக நம் சிறுகுடலில் ஒரு காவல்காரன் இருக்கிறான். டயமின் ஆக்சிடேஸ் என்று பெயர். சாப்பாட்டோடு வருகிற ஹிஸ்டமினை அங்கேயே சிதைத்துவிடுவது அவன் வேலை. சிலருக்கு இந்தக் காவல் கொஞ்சம் பலவீனம். மற்றவர்கள் தாங்குகிற அளவை அவர்களால் தாங்க முடிவதில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டும் எனக்கும் என் ஓரகத்திக்கும் இருந்த வித்தியாசத்துக்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. மீனில் ஹிஸ்டமின் ஒரே சீராக இருப்பதில்லை என்பதும் உண்டு. ஒரு துண்டில் கொஞ்சமாகவும் அடுத்த துண்டில் அதிகமாகவும் இருக்கும்.

அளவைச் சொன்னால் இன்னும் தெளிவாகப் புரியும். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனமும் 2012-ல் கூட்டிய நிபுணர் குழு, ஆரோக்கியமான ஒருவர் ஒரு வேளையில் 50 மில்லிகிராம் வரை ஹிஸ்டமின் சாப்பிட்டால் தொந்தரவு வராது என்று கணக்கிட்டது. ஒழுங்காக ஐஸ் போட்ட மீனில் கிலோவுக்கு 15 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள முடியும். அப்படிப்பட்ட மீனில் 200 கிராம் சாப்பிட்டாலும் 3 மில்லிகிராம்தான். கெட்டுப்போன சூரையில் கிலோவுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல்கூடப் போகும். அதில் 100 கிராம் துண்டு ஒன்றே 100 மில்லிகிராம். அது ஆரோக்கியமானவரையே ஆட்டிவைத்துவிடும். என்னைப் போன்றவர்களுக்கு 50-க்கு வெகு கீழேயே ஆரம்பித்துவிடும்.

எந்த மீன் என்று கேட்பீர்கள். சூரை, கானாங்கத்தை, மத்தி, கவலை, நெத்திலி, பாறை இவையெல்லாம் ஹிஸ்டிடின் அதிகமுள்ள கூட்டம். கல்யாண விருந்துக்கு வாங்குகிற விலை உயர்ந்த வஞ்சிரமும் கானாங்கத்தை குடும்பத்துக்காரர்தான், மறக்கக் கூடாது. இவை கெட்ட மீன்கள் என்று நான் சொல்லவில்லை. மத்தியும் நெத்திலியும் சத்தில் ராஜா. பிடித்த உடனே ஐஸில் வைத்து அன்றே சமைத்தால் அமிர்தம். சங்கரா, கிழங்கான், கொடுவா, வவ்வால், மடவை, கடம்பா போன்றவற்றில் இந்தத் தொந்தரவு வெகு குறைவு. ஏரிக் கெண்டையும் விராலும் அப்படியே. இறாலும் நண்டும் தனிக் கதை. அவற்றுக்கு நிஜமான அலர்ஜி உள்ளவர்கள் நிறைய, அதை இதோடு போட்டுக் குழப்பக் கூடாது.

எப்படிப் பிரித்து அறிவது? நிஜ அலர்ஜி என்றால் அந்த மீன் எவ்வளவு புதிதாக இருந்தாலும், ஒவ்வொரு தடவையும் வரும். ஹிஸ்டமின் என்றால் ஒரு நாள் வரும், மறுநாள் வராது. அதே மீனைச் சாப்பிட்ட வேறு யாருக்காவதும் லேசாகவேனும் இருக்கும். ஆனால் இதை வைத்துக்கொண்டு நாமே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். காரணம் இரண்டு பக்கமும் இருக்கிறது. அலர்ஜி என்று தப்பாக முத்திரை குத்திவிட்டால் ஆயுசு முழுக்க மீன் இல்லாமல் போகும். அலர்ஜியை ஹிஸ்டமின் என்று அலட்சியப்படுத்தினால் உயிருக்கே ஆபத்து. மூச்சுத் திணறல், நாக்கோ தொண்டையோ வீங்குவது, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். சாதாரணச் சிவப்பும் அரிப்பும் என்றால் டாக்டர் எழுதிக் கொடுக்கும் அலர்ஜி மாத்திரைக்குச் சீக்கிரம் கேட்கும். எனக்கு எழுதிக் கொடுத்ததைக் கைப்பையில் ஒரு சிறு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், தூக்கம் வரும் என்பதால் வண்டி ஓட்ட மாட்டேன்.

இனி கடற்கரைக் கடைக்கு வருவோம். கடைக்காரர்களைக் குறை சொல்வது சுலபம். அவர்கள் பிழைப்பும் அதுதான், பெரும்பாலும் பக்கத்துக் குப்பத்துப் பெண்களே நடத்துகிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காலை பத்து மணிக்கே மீனைக் கீறி, மசாலா தடவி, தட்டில் அழகாக அடுக்கி வைத்துவிடுவார்கள். மசாலா நன்றாக ஊறும், உண்மைதான். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு நாம் போகிற வரைக்கும் அது வெயிலில் ஊறுகிறது. நான் இப்போதெல்லாம் அடுக்கி வைத்த தட்டைப் பார்ப்பதே இல்லை.

“மசாலா தடவாத மீனு இருக்கா அக்கா?”

“இருக்குதும்மா, பொட்டில கெழங்கான் கீது. கழுவி வறுக்க பத்து நிமிஷம் ஆவும், பரவால்லியா?”

பத்து நிமிஷம்தானே! ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மீனைச் சுற்றி நிஜமாகவே ஐஸ் இருக்கிறதா, அல்லது வெறும் தண்ணீரில் மிதக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். ஐஸ் இல்லையென்றால் பிள்ளைகளுக்குச் சுட்ட சோளம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். பாதி வறுத்து வைத்து, கேட்கும்போது மறுபடி எண்ணெயில் போட்டுக் கொடுக்கிற மீனும் எனக்கு வேண்டாம்.

கரையிலேயே மீன் வாங்குவது என்றால் நெம்மேலி மாதிரி ஊர்களில் ஒரு சௌகரியம் இருக்கிறது. இங்கே பெரும்பாலும் சின்ன ஃபைபர் படகுகள். ராத்திரியோ விடிகாலையோ போய்க் காலையில் திரும்பிவிடுகின்றன. பெரிய விசைப்படகு மாதிரி நாட்கணக்கில் கடலில் தங்குவதில்லை. ஆனாலும் வலை எப்போது போட்டார்கள் என்று கேட்பது நல்லது. வலையில் சிக்கிய உடனே மீன் செத்துவிடும், ஆனால் கடல் தண்ணீரின் சூட்டிலேயே கிடக்கும்.

“ஆயா, இது எப்ப வந்த மீனு?”

“இப்பதாம்மா கரையேறுச்சு. செவுள பாரு, ரத்தமா கீது.”

“வலை எப்ப வுட்டாங்க?”

“இன்னாம்மா நீ, போலீசு மாதிரி கேக்குற! நேத்து ராவு வுட்டு வெடியகாலைல இழுத்தாங்க.”

அப்படியென்றால் நான் கானாங்கத்தையை விட்டுவிட்டு சங்கராவை எடுத்துக்கொள்வேன். செவுள் சிவப்பாக இருப்பது நல்ல அடையாளம்தான், ஆனால் ஹிஸ்டமினுக்கு அது சாட்சி ஆகாது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். தடை விசைப்படகுகளுக்குத்தான், ஃபைபர் படகுகள் போகலாம். ஆனால் கடைகளுக்கு அது போதாது. அப்போது விற்பதில் நிறைய வெளியூர் மீன், ஐஸில் வெகு தூரம் பிரயாணம் செய்து வந்தது. வழியில் ஐஸ் எத்தனை தடவை கரைந்ததோ! வெயிலும் கொளுத்துகிற மாதங்கள். அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் கடைகளில் கானாங்கத்தையும் சூரையும் வாங்குவதில்லை.

கரையிலிருந்து வீடு வரையில் என்ன செய்கிறோம் என்பதும் முக்கியம். சின்ன தெர்மகோல் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மீன் ஒரு கிலோ என்றால் ஐஸும் ஒரு கிலோ, மேலும் கீழும் பரப்பி வைக்க வேண்டும். செவுளையும் குடலையும் கரையிலேயே எடுத்துவிடச் சொல்லிவிட்டால் கிருமிகளில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். வீட்டுக்கு வந்ததும் ஃபிரிஜ்ஜில் மேல் தட்டில், அன்றைக்கே சமையல். ஃபிரீசரில் வைத்த மீனைக் காலையில் எடுத்து மத்தியானம் வரை மேடையில் வைத்து ஐஸ் விடச் செய்கிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதைக் கீழ்த் தட்டில் வைத்தே மெதுவாக விடச் செய்யுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கரண்ட் போன வீடுகளில் ஃபிரீசரில் இருந்த மீன் கரைந்து, கரண்ட் வந்ததும் மறுபடி உறைந்தது. பார்வைக்குக் கல் மாதிரி இருக்கும், உள்ளே என்ன நடந்தது என்று அது சொல்லாது.

மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பது நம் வேத வாக்கு. அதை யாரும் விட வேண்டாம். ராத்திரி முழுக்க வெளியே வைக்காமல் ஆறினதும் ஃபிரிஜ்ஜில் வைத்தால் மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. என்னைப் போன்றவர்கள் மட்டும் முதல் நாளே சாப்பிட்டுவிடுவது நல்லது. கருவாடும் அப்படித்தான். நெத்திலியை மணலில் காயப்போடுவதற்கு முன்பே உண்டான ஹிஸ்டமின் வெயிலில் ஆவியாகிவிடாது. உலகம் முழுக்க இந்த ருசி உண்டு. லாவோஸ் நாட்டில் தெருவோரத்தில் பச்சைப் பப்பாளிக்காயை உரலில் இடித்து, பாடேக் என்னும் மீன் ஊறலைச் சேர்த்துக் கொடுப்பார்களாம். இப்படி ஊறவைத்துச் செய்யும் மீன் சாஸுக்கு சர்வதேச உணவுத் தர விதியே கிலோவுக்கு 400 மில்லிகிராம் வரை ஹிஸ்டமினை அனுமதிக்கிறது, சாதாரண மீனுக்கு அனுமதிப்பதைப் போல இரு மடங்கு. நம் ஊர் நூடுல்ஸ் கடையில் ஊற்றுகிற சோயா சாஸும் புளிக்க வைத்த சரக்குதான்.

ஒரு விஷயத்தை இங்கே அவசியம் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெண், கைக்குழந்தைக்காரி. காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறிவிட்டது. ஒரு நாள் சூரை மீன் குழம்பு சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலைவலி, வாந்தி. வீட்டில் எல்லோரும், “மாத்திரை சூடு, நிறுத்து” என்று சொல்ல, அவளும் எட்டு நாள் மாத்திரையை முழுங்காமல் தலையணை உறைக்குள் போட்டு வைத்திருந்தாள். சுகாதாரப் பணியாளர் வந்து துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “அன்னிக்கு என்ன சாப்பிட்டே?”

காசநோய் மாத்திரைகளில் ஐசோனியாசிட் என்று ஒன்று உண்டு. நான் முன்பு சொன்னேனே, குடலில் இருக்கிற காவல்காரன், அவன் கையை இது கட்டிப்போட்டுவிடும். இலங்கையில் டாக்டர் ஊரகொட 1970-களின் பிற்பகுதியிலேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார். அங்கே சூரை வகை மீனைச் சாப்பிட்ட காசநோயாளிகளுக்கு இதே சிவப்பும் படபடப்பும் வந்தது. நம்மைப் போலவே மீனும் சோறுமாகச் சாப்பிடுகிற ஜனங்கள் அவர்கள். இங்கே நிறுத்த வேண்டியது மீனைத்தான், மாத்திரையை அல்ல. காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும், பிறகு குழந்தைக்கும் ஆபத்து. ஆனால் மாத்திரையே ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு வருவதும் உண்டு என்பதால், எதுவானாலும் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்தப் பெண் சிகிச்சை முடிகிற வரை சூரை, கானாங்கத்தை, கருவாட்டைத் தொடவில்லை. கிழங்கானும் கெண்டையும் சாப்பிட்டாள், மாத்திரையை முழுசாக முடித்தாள்.

கடற்கரையில் பீர் குடித்துக்கொண்டே வறுவல் சாப்பிடுகிற ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மதுவும் அந்தக் காவல்காரனைத் தூங்க வைக்கும். இதை வீட்டில் சொல்லிப் பாருங்கள், பயன் இருக்கிறதா என்று எனக்கும் எழுதுங்கள்!

கர்ப்பிணிகளுக்கு வேறு மாதிரி. நஞ்சுக்கொடியே இந்தக் காவல்காரனை ஏராளமாக உண்டாக்குகிறது. அதனால் சில பெண்களுக்கு மாசமாக இருக்கும்போது இந்தத் தொந்தரவு குறைந்து, பிரசவத்துக்குப் பிறகு திரும்பி வரும். “பிள்ளை பெத்ததும் புதுசா அலர்ஜி வந்துடுச்சு” என்று சொல்பவர்கள் இதையும் டாக்டரிடம் கேட்கலாம்.

ஹிஸ்டமின் ஒத்துக்கொள்ளாதவர்கள் தக்காளி, கத்தரிக்காய், கீரை, தயிர், ஊறுகாய் என்று எல்லாவற்றையும் விட வேண்டும் என்று யாராவது நீளமான பட்டியல் கொடுத்தால், தயவுசெய்து அப்படியே நம்பிவிடாதீர்கள். இதைக் கண்டுபிடிக்க நம்பகமான ஒரே ரத்தப் பரிசோதனை என்று எதுவும் கிடையாது. சந்தேகப்படும் உணவைச் சில வாரம் விலக்கி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பதுதான் வழி. பால் கொடுக்கிற தாய் எல்லாவற்றையும் விட்டுவிட்டால் உடம்பு என்ன ஆவது? பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதி வைத்தேன்: என்ன மீன், எப்போது வந்தது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், என்ன ஆனது. மூன்று மாதத்தில் எனக்கே விளங்கிவிட்டது. தக்காளியும் இட்லியும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. நாலாம் நாள் புளித்த மாவில் ஊற்றிய ஊத்தப்பம் தலைவலி கொடுத்தது. உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

கடற்கரை ருசிக்கு வீட்டிலேயே நான் செய்கிற வறுவல் இது. அரை கிலோ கிழங்கானைச் சுத்தம் செய்து இரண்டு பக்கமும் கீறிக்கொள்ளுங்கள். மிளகாய்த்தூள் இரண்டு டீஸ்பூன், மஞ்சள்தூள் கால், மிளகுத்தூள் அரை, சோம்புத்தூள் அரை, இஞ்சி பூண்டு அரைத்தது ஒன்று, அரிசி மாவு ஒரு மேஜைக்கரண்டி, உப்பு. கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து தடவுங்கள். எலுமிச்சம்பழம் ஒத்துக்கொள்பவர்கள் அரை மூடி பிழியலாம். ஊற வைப்பது கால் மணி போதும், அதுவும் ஃபிரிஜ்ஜுக்குள். இரும்புத் தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, நிதானமான தீயில் இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று எடுங்கள். முள் குறைவு என்பதால் சின்னக் குழந்தைகளுக்குச் சதையை உதிர்த்து ரசம் சோற்றோடு கொடுக்கலாம். மீந்ததை எனக்கென்று எடுத்து வைப்பதில்லை. எங்கள் வீட்டுப் பின்கட்டில் அதற்கென்றே ஒரு பூனை காத்திருக்கிறது.